விமானத்துக்கு நான் வைத்த சந்தனம்

விமானம் வாவிக்குள் விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அதற்குள் என் மகன் இருந்தான்.

போன புரட்டாசியில், வாணி விழா முடிந்த மறுநாள் காலை அது. நான் வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் வளவில் நின்றால் மட்டக்களப்பு வாவி தெரியும், வாவிக்கு அந்தப் பக்கம் சின்ன ஓடுபாதை ஒன்றும் தெரியும். அங்கே ஒரு தனியார் கம்பெனி, நாலு பேர் ஏறக்கூடிய சிறு விமானங்கள் சிலவற்றை வைத்திருக்கிறது. என் மகன் கிருஷாந் அங்கே திருத்த வேலைக்கு உதவியாளனாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருத்தி முடித்த விமானம் ஒன்றைக் கப்டன் நாளைக்கு ஓட்டிப் பார்க்கப் போகிறார், என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். முதல் தடவை வானத்தில் ஏறப் போகிற பிள்ளை. காலையில் வைத்த பிட்டைக்கூட ஒழுங்காகத் தின்னாமல் ஓடினான்.

அதனால் இயந்திரச் சத்தம் கேட்டதும் ஈரச் சாரத்தைக் கையில் பிடித்தபடியே பார்த்தேன். விமானம் ஓடி வந்தது. எழும்பியது. எழும்பியதும் மூக்கு மேலே போனது. இன்னும் மேலே போனது. எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் இது சரியில்லை என்று தெரிந்தது. ஒரு சிறகு சரிந்தது. பிறகு அப்படியே வாவிக்குள் விழுந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தியதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். செருப்பில்லாமல் பாலத்தைத் தாண்டி ஓடியதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வாவியில் வலை பார்த்துக்கொண்டிருந்த தோணிக்காரர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். விழுந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான். அதுவே முதல் அருள் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அருள் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. கப்டனை முதலில் கொண்டு வந்தார்கள். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்கள மனிதர். கால் முறிந்து, முகமெல்லாம் சேறாக, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கண் மூடியிருந்தது. இடது காதிலிருந்து இரத்தம் வந்தது.

“என்ட புள்ளைக்கு மூச்சு இரிக்கா?” என்று கேட்டேன்.

இருக்கிறது, விலகி நில்லுங்கள் என்றார்கள். அந்த “இரிக்கு” என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன்.

அடியார்களே, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் பிறவியிலேயே பயந்தவள். இடி இடித்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைக்கிற ஆள். அம்மாவுக்குப் பூனை தும்மினாலும் காய்ச்சல் வரும் என்று கிருஷாந் பகிடி பண்ணுவான். அப்படிப்பட்டவளை அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார வைத்து, தலைக்குள் வீக்கம் இருக்கிறது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். கைகால் ஓடவில்லை. வாய் மட்டும் அம்மா, கண்ணகைத் தாயே, அம்மா என்று அரற்றிக்கொண்டிருந்தது.

அதுவும் பின்னேரம் வரைக்கும்தான். அதன் பிறகு அம்மனின் பெயரைச் சொல்லவே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழா என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம், வேலை செய்கிற கந்தோர், கராஜ் எதுவானாலும் பூசை உண்டு. தையல் மெசினுக்கும் பொட்டு, உழவு மெசினுக்கும் பொட்டு. ஓடுபாதைக் கொட்டகையில் வேலை செய்கிற பிள்ளைகளும் சின்னதாக ஒரு பூசை வைத்தார்கள். கப்டன் புத்த சமயம், ஆனாலும் அவலுக்கும் கடலைக்கும் முதல் ஆளாக வந்து நின்றார். கிருஷாந் என்னையும் வரச் சொல்லியிருந்தான். அம்மா அரைக்கிற சந்தனம் கெட்டி, காய்ந்தாலும் உதிராது என்று எல்லாருக்கும் பெருமையடித்தான். நான் கல்லில் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுபோன சந்தனத்தை அம்மனை நினைத்து, மறுநாள் அவன் ஏறப்போகிற விமானத்துக்கு மட்டும் வைத்தேன். மூக்கில் வைத்தேன், சில்லுகளில் வைத்தேன், கதவில் வைத்தேன். சிறகுக்குக் கீழே விரல் மொத்தத்தில் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பிள்ளைகள் சிவப்புப் பட்டைத் தொங்கல் விட்டுக் கட்டியிருந்தார்கள். பட்டுக் கட்டிய இடத்தைச் சும்மா விடலாமா? அதன் நுனிக்கும் தாராளமாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாவற்றையும் முறையாகச் செய்த திருப்தியில் வீட்டுக்கு வந்தேன்.

இனி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறேன். கிருஷாந்தோடு வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள் பார்க்க வந்து, சுவர் ஓரமாக நின்று தங்களுக்குள் பேசினார்கள். குழாய் அடைபட்டிருக்கும் போல என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. எந்தக் குழாய் தம்பி என்று கேட்டேன். அவன் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து விளங்கப்படுத்தினான்.

“சிறகுக்குக் கீழ ஒரு சின்னக் குழாய் இரிக்கு அன்ரி. அதுக்குள்ள காத்துப் போனாத்தான் எவ்வளவு வேகத்தில போறம் எண்டு கப்டனுக்குத் தெரியும். அது அடைபட்டா வேகம் தெரியாது. வேகம் தெரியாம மூக்கத் தூக்கினா விழும்தானே.”

விழும்தானே என்று அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான். அந்தக் குழாயின் நுனிக்குத்தான் நான் சந்தனம் அப்பினேன். கெட்டிச் சந்தனம். காய்ந்தாலும் உதிராத சந்தனம்.

எழும்பிப் போய் ஆஸ்பத்திரிக் குழாயடியில் கை கழுவினேன். மணந்து பார்த்தேன். திரும்பவும் கழுவினேன். ஒரு நாள் கழிந்த கையில் சந்தன வாசம் எங்கே இருக்கப் போகிறது? ஆனால் எனக்கு மணத்தது. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று மனம் சொன்னது. அம்மா தாயே என்று கூப்பிட வாய் எடுத்தால், அவள் பெயரைச் சொல்லித்தானே அந்தப் பொட்டையும் வைத்தேன் என்ற எண்ணம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே பிள்ளையல்லவா கிடக்கிறான்?

கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். விமானத்தை வாவியிலிருந்து இழுத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரில் ஆளுக்கொரு கதை. பறவை அடித்தது என்றார்கள், எண்ணெயில் தண்ணீர் என்றார்கள். கடைசியில் எல்லாக் கதையும் கிருஷாந்தில் வந்து நின்றது. அந்தக் குழாய்க்கு மூடி ஒன்று உண்டாம். விமானம் நிற்கும்போது தூசியும் குளவியும் உள்ளே போகாமல் போட்டு வைப்பார்களாம். பறக்கும் முன் அதைக் கழற்றுவது அன்றைக்குக் கிருஷாந்தின் வேலையாம். குழாயில் இப்போது மூடி இல்லை, ஆனால் விழுந்த வேகத்தில் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கொட்டகைச் சுவரில் பல மூடிகள் தொங்கின, எல்லாம் ஒரே மாதிரி. எது எந்த விமானத்துக்கு உரியது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கப்டனுக்கோ விழுவதற்கு முன் நடந்தது ஒன்றும் நினைவில் இல்லை. கேட்க வேண்டிய என் மகன் கண்ணைத் திறக்கவில்லை.

பெடியன் மூடியைக் கழற்ற மறந்துவிட்டான் என்று முகநூலில் எழுதினார்கள். செங்கலடிச் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் என் மச்சாளிடமே ஒருவர் கேட்டாராம், மூடி கழற்ற மறந்த பிள்ளை உங்கட சொந்தமா என்று. எதிர்த்துப் பேசக்கூட முடியாமல் கிடக்கிறவன்மேல் எவ்வளவு சுலபமாகப் பழி போடுகிறார்கள்.

மூடி என்றதும் போத்தல் மூடி மாதிரி ஒன்றைத்தான் நான் நினைத்தேன். அப்படி எதையும் அந்தக் குழாயில் நான் காணவில்லையே. நான் தொட்டுப் பொட்டு வைத்த குழாய் அல்லவா? பட்டுத்தான் இருந்தது. பட்டு மெல்லிய துணி. சந்தனம் அதற்குள்ளால் ஊறி, குழாய்க்குள் இறங்கி, காய்ந்து இறுகியிருக்கும். மகன் ஒன்றையும் மறக்கவில்லை. அடைத்தது நான். இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு இருந்த நாட்களைப் போல ஒரு நரகம் வேறு இல்லை. வாசலில் யாராவது காக்கிச் சட்டையோடு போனால் என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று எழும்பி நிற்பேன். மருத்துவத் தாதி என் பெயரைக் கூப்பிட்டால் முடிந்துவிட்டது என்று உட்காருவேன்.

என் மூத்த அண்ணனிடம் முதலில் சொன்னேன். எங்கள் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரில் அவரும் ஒருவர். அவர் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

“வாயத் திறந்திராத புள்ள. பூசை செஞ்சுதான் விமானம் விழுந்தது எண்டு நாளைக்குப் பேப்பர்ல வரும். அம்மன்ட பேரும் கெடும், உன்னையும் கொண்டு போவாங்க.”

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. ஏனென்றால் எனக்கும் சொல்ல விருப்பமில்லை. சொல்லாமல் இருக்கும்வரை அது என் நினைப்பு மட்டும்தான். சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும். கிருஷாந் கண் விழித்தால், உன்னை விழுத்தியது உன் தாய் என்று அவனுக்கு யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு அவன் என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையை நினைத்துத்தான் எல்லாவற்றையும்விடப் பயந்தேன்.

ஆனால் சொல்லாவிட்டால் பழி முழுக்க அவனுக்குத்தான். செத்துப்போனாலும் மூடி மறந்தவன், பிழைத்தாலும் மூடி மறந்தவன். இரண்டு பக்கமும் நெருப்பு.

என் வீட்டுக்காரர் அப்போது கிரானில் எங்கள் வயல் வட்டையில் விதைப்பு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னோடு இருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் பகல், பிள்ளையைப் பார்க்க உள்ளே விட்டபோது நான் கட்டிலைத் தொடப் பயந்து ஒதுங்கி நின்றதை அவர் கவனித்துவிட்டார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அவன் பேசுற நிலையில இரிந்தா அவனே பேசுவான். இப்ப அவனுக்கு வாய் இல்ல. நீ பேசு,” என்றார். பிறகு, “நான் இஞ்ச அவனோட இரிக்கன். நீ போயிட்டு வா,” என்றார்.

நான் நேரே அதிகாரிகளிடம் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்து கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் கதவு திறந்து, அம்மனின் உக்கிரம் தணியக் குளிர்த்தி பாடி முடித்தால், அடுத்த வைகாசி வரை கதவு பூட்டுத்தான். புரட்டாசியில் அங்கே போகிறவர் யார்? வெயில் கொளுத்தியது. முன்றலில் புல் முளைத்திருந்தது. பூசை செய்கிற கட்டாடியார் இல்லை, விளக்கு இல்லை, மணிச்சத்தம் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் மணலில் இருந்தேன்.

பூசைப் பொருள் ஒன்றும் கொண்டு போகவில்லை. இனி என் கையால் எதையும் கொடுக்கக்கூடாது என்று ஒரு பயம். நேர்த்திக்கடனும் வைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். தாயே, பழி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், நான் உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. என் பிள்ளையைத் தா. பழி என்னுடையது என்றால் என்மேல் போடு, நான் வாங்கிக்கொள்கிறேன். அவனுடையது இல்லையென்றால் அதை எப்படியாவது காட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது தாயே, நீயும் கூட வா.

இதைக் கேட்கிறவர்கள் அப்போது பல்லி சொன்னது, பூ விழுந்தது என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. எறும்பு கடித்ததுதான் மிச்சம். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். பயம் அப்படியே இருந்தது. ஆனால் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய கால் ஓடுபாதைப் பக்கம் நடந்தது. நடக்க நடக்க நெஞ்சு அடித்த அடியில், பாதிவழியில் நானே விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

கொட்டகை வாசலில் காவலாளி மறித்தார். தாய் என்றதும் உள்ளே கேட்டுவிட்டு விட்டார். அங்கே இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். பெரியவர் சிங்களவர், தலை நரைத்தவர். மற்றவர் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண், முக்காடு போட்ட பிள்ளை, என் மகனைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். எனக்குக் கதிரை போட்டு, தண்ணீர் தந்து, பயப்படாமல் சொல்லுங்கள் அம்மா என்றாள். தண்ணீர்க் கிளாஸ் என் பல்லில் மோதிச் சத்தம் போட்டது.

சொன்னேன். குழாயை அடைத்தது என் மகன் மறந்த மூடி இல்லை, நான் வைத்த சந்தனம் என்று சொன்னேன். அவனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை அதைச் சிங்களத்தில் சொல்ல, பெரியவரின் முகம் இறுகியது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பி, எந்த இடத்தில் வைத்தது என்று காட்டச் சொன்னார்.

விமானம் கொட்டகையின் உள்பக்கம் கிடந்தது. ஒரு சிறகு மடிந்திருந்தது. கதவில் நான் வைத்த பொட்டு கழுவப்பட்டுப் போய், வாவிச் சேறு காய்ந்திருந்தது. என் பிள்ளை இருந்த இருக்கையைக் கண்டதும் கண் இருட்டியது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றச் சிறகுக்குக் கீழே அந்தக் குழாய் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. தொடாமல் விரலை நீட்டினேன்.

“இஞ்சதான் வெச்சனான். சிவப்புப் பட்டுக் கட்டி இரிந்திச்சே, அதுக்கு மேல.”

அவள் என் கையை விட்டுவிட்டாள். “பட்டா? எப்படிப் பட்டு?” என்று கேட்டாள்.

தொங்கல் விட்டிருந்தது, தொங்கலில் வெள்ளையாக ஏதோ இங்கிலீசு எழுத்து இருந்தது, கடையில் வாங்கிய பட்டாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். அவள் வேகமாகச் சிங்களத்தில் சொன்னாள். பெரியவர் சுவர்ப் பக்கம் போனார். அங்கே ஆணிகளில் சிவப்பாகப் பல துணிகள் தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றைப் பார்த்தார், வைத்தார். அடுத்ததைப் பார்த்தவர் அப்படியே நின்றார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து எனக்கு முன்னால் பிடித்தார்.

அதன் நுனியில் மஞ்சளாகக் காய்ந்த பொட்டு. நடுவில் குங்குமம். ஒரு துளிகூட உதிரவில்லை.

“இது பட்டில்லம்மா,” என்றாள் அந்தப் பிள்ளை. “இதுதான் அந்த மூடி. உள்ளுக்குத் தடிச்ச தோல் வெச்சுத் தச்சிரிக்கு, பாருங்க, சந்தனம் உள்ளுக்குப் போகல்ல. பூசை நேரம் இது குழாயில இரிந்திரிக்கு. இப்ப ஆணியில இரிக்கு. அப்ப உங்கட மகன் இதக் கழட்டிக் கொழுவிட்டுத்தான் விமானத்தில ஏறியிருக்கார்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் விளங்கியது. பூசைக்குக் கட்டிய பட்டு என்று நினைத்து மூடிக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். எத்தனையோ மூடிகளில் எது என்று யாராலும் சொல்ல முடியாமல் கிடந்த இடத்தில், இதுதான் என்று அம்மனின் சந்தனம் சொன்னது. எந்தப் பொட்டு என் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று பயந்து செத்தேனோ, அந்தப் பொட்டே அவனுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டு அந்தச் சுவரில் தொங்கியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் அது ஒரு துணியில் பட்ட கறை. யாரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த இடத்திலேயே தரையில் இருந்து அழுதேன். பெரியவர் எனக்குப் பக்கத்தில் குந்தி, தெரிந்த தமிழில், “அம்மா, அழ வேணாம், மகன் சரி, மகன் சரி,” என்றார். குழாயையும் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், விசாரணை முடியவில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த ஒரு சொல் எனக்குப் போதும்.

போதும் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளை அப்படியே கிடந்தான். நான் ஓடி வந்த ஓட்டத்துக்கு அவன் எழும்பியிருப்பான் என்று எப்படியோ நம்பிவிட்டேன். டொக்டர் பழைய பதிலையே சொன்னார். அன்றைக்கு அம்மனோடு எனக்குக் கோபம் வந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். பழியை எடுத்துவிட்டு உயிரை எடுக்கவா பார்க்கிறாய், எனக்கு அரை வரம் வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். ஆனால் ஒரு வித்தியாசம். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடித்தேன். என் கைக்கு நான் பயப்படவில்லை.

காத்திருப்பு நீண்டது. ஒரு நாள் காய்ச்சல் ஏறியது, குழாய்கள் மாற்றினார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள். அன்று சுவரோடு சாய்ந்து நின்று நடுங்கிய நடுக்கம் விமானம் விழுந்ததைக் கண்ட நடுக்கத்தைவிட மோசம். காய்ச்சல் இறங்கியது. பிறகு ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில், தகப்பன் முகம் துடைத்துவிடும்போது கிருஷாந் கண்ணைத் திறந்து, தண்ணி என்று கேட்டான். இவர் ஓடி வந்து எனக்குச் சொல்லவே முடியாமல் கையைக் காட்டினார். நான் கெட்ட செய்தி என்று நினைத்துக் கத்திவிட்டேன். முழு ஆஸ்பத்திரியும் திரும்பிப் பார்த்தது.

பேசத் தொடங்கியதும் அவன் சொன்னது இதுதான்: விமானம் எழும்பும்போது கப்டனின் கதிரை திடீரென்று பின்னுக்கு வழுக்கிப் போனது. விமானத்தை ஓட்டக் கையில் பிடித்திருந்த பிடியையும் அவர் தன்னோடு இழுத்துவிட்டார். அதனால்தான் மூக்கு அப்படி மேலே போனது. அதிகாரிகள் கதிரையைக் கழற்றிப் பார்த்தபோது, அதைத் தண்டவாளத்தில் பூட்டி வைக்கிற ஆணி தேய்ந்திருந்தது. அந்த இருக்கையைத் திருத்துவது கிருஷாந்தின் வேலையும் இல்லை. கப்டனும் பிறகு நினைவு திரும்பி அதையே சொன்னார். குழாய் சுத்தமாக இருந்தது. அறிக்கையில் என் மகன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவனிடம் சந்தனக் கதையை நானே சொன்னேன். அவன் பார்வைக்குத்தானே அவ்வளவு பயந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, “அத எப்படியம்மா பட்டு எண்டு நினைச்சீங்க?” என்று கேட்டு, தலை வலிக்க வலிக்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். என் பயம் முழுக்கப் பொய் இல்லை. அன்றைக்கு மூடி இல்லாமல் குழாய் வெறுமையாக இருந்திருந்தால், நான் அதற்கும் பொட்டு வைத்திருப்பேன். என்ன நடந்திருக்கும் என்று அந்த ஏறாவூர்ப் பிள்ளை மெல்லமாகச் சொல்லி வைத்தாள். இனிமேல் பறக்கிற பொருளில் ஒன்றும் பூச வேண்டாம் அம்மா, பிள்ளையின் நெற்றியில் வையுங்கள் என்றாள். அதையும் அம்மன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது வீட்டை விட்டு இறங்கும்போது அவன் நெற்றியில் வைக்கிறேன். கொட்டகைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன், பூசை சாமிப் படத்துக்கு, விமானத்துக்கு ஒரு கும்பிடு மட்டும். அண்ணனோ, அம்மன் சாட்சி சொன்ன கதையை ஏதோ தானே என்னை அனுப்பி வைத்தது போலத் தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும், அம்மனின் பெயர்தானே பரவுகிறது.

இந்த வைகாசியில் கதவு திறந்தபோது கிருஷாந் என் பக்கத்தில் நின்றான். இடது காது இன்னும் சரியாகக் கேட்காது, அதனால் பறை அடிக்கிற பக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றான். வேலைக்குத் திரும்பிவிட்டான். திரும்ப ஏறப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. தடுக்க வாய் வந்தது, விழுங்கினேன்.

போன கிழமை ஏறினான். நான் ஓடுபாதை வேலி ஓரத்தில் நின்றேன். விமானம் ஓடி வரும்போது தாயே என்றேன். எழும்பும்போது தாயே என்றேன். நேராகப் போய்க் கண்ணுக்கு மறைந்த பிறகும் சொல்லிக்கொண்டுதான் நின்றேன். அது இறங்கி வந்து நின்ற பிறகுதான், வேலிக் கம்பியைப் பிடித்த என் உள்ளங்கையில் இரத்தம் கசிவதைக் கண்டேன்.

அடியார்களே, இவ்வளவு அருளைப் பெற்ற பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. உங்களில் யாராவது ஒரு உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பயம் தெளிந்த பிறகு போவோம், தைரியம் வந்த பிறகு சொல்வோம் என்று இருந்தால், இருக்காதீர்கள். கதவு பூட்டியிருந்தாலும் அவளுக்குக் கேட்கும். நடுங்கிக்கொண்டே போங்கள். அவள் என்னை அப்படித்தான் ஏற்றுக்கொண்டாள்.